கல்முனைக்குப் புதுப் பாதையா, மட்டக்களப்புக்குச் சரக்குப் பெட்டியா?

வாவிக்கரை:
மட்டக்களப்பிலிருந்து கல்முனை, பொத்துவில் வரை ரயில் பாதையை நீட்டவேண்டும் என்று மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. 1928 இல் திறந்த மட்டக்களப்புப் பாதையே இன்னும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் கோச்சிக்கு (ரயிலுக்கு) வழிவிட்டு நின்றே நேரம் போகிறது. முதலில் இதில் பழையபடி சரக்கு ஏறட்டும். எங்கள் அப்பா மீன்பெட்டியில் ஐஸும் மரத்தூளும் போட்டு அடைத்து, சாக்குக் கட்டி, இரவுக் கோச்சிக்குக் கொண்டுபோவார். ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் அவருக்கு முகம் தெளியும். இன்று அந்த மீனெல்லாம் லொறியில் போகிறது.

கல்முனையான்:
அண்ணன், உங்களுக்கு ஸ்டேஷன் இருக்கு, அதனால் சொல்கிறீங்க. அம்பாறை மாவட்டத்தில் தண்டவாளமே இல்லை. உம்மாவை கிளினிக்குக்குக் கொழும்பு கொண்டுபோவதென்றால் முதலில் மட்டக்களப்புக்குச் சுமார் 40 கி.மீ. பஸ். இடுப்பு வலியோடு அவ படியேற நான் பின்னால் தாங்கிக்கொண்டு நிற்பேன். ரயிலில் ஏறிய பிறகுதான் கால் நீட்டுவா. மீன் பிந்தினால் ஐஸ் போடலாம், உம்மாவுக்கு என்ன செய்ய?

ஏறாவூர் வாசி:
சரக்கு போனதற்குக் காரணம் லொறி மட்டுமில்லை. யுத்த காலத்தில் பொலன்னறுவைக்கு இப்பால் கோச்சி வராத வருடங்களில் வியாபாரிகள் லொறிக்குப் பழகிவிட்டார்கள். 2003 இல் ரயில் திரும்பியது, ஆட்கள் திரும்பினார்கள், மீன்பெட்டிகள் திரும்பவில்லை. பொலன்னறுவைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் மன்னம்பிட்டியில் பஸ்ஸும் கோச்சியும் ஒரே இரும்புப் பாலத்தில்தான் போய்வந்தன. 2007 இல் வாகனங்களுக்குத் தனிப் பாலம் வந்ததும் லொறிக்கு இன்னும் வசதி. சரக்கு ஒரேயடியாக நின்றதாகவும் சொல்லமுடியாது. 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பக்கம் யானைக்கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது, கொழும்புக்குப் பக்கத்துக் கொலன்னாவையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த எண்ணெய் ரயில்தானே.

வாவிக்கரை:
எண்ணெய் வருகிறது, சரி. திரும்பும்போது வெறும் டாங்கிதான் போகிறது. அறுவடைக் காலத்தில் நெல்லுக்கு நாலு பெட்டி கொழுவினால் என்ன?

கல்முனையான்:
நெல்லா? நாட்டில் அதிகம் விளையும் மாவட்டங்களில் ஒன்று எங்கள் அம்பாறை. அந்த நெல்லை லொறியில் ஏற்றி மட்டக்களப்பில் இறக்கி, மறுபடி ரயிலில் ஏற்றுவதா? இரண்டு தரம் கூலி கொடுத்து எந்த முதலாளியும் அனுப்பமாட்டார். உங்களுக்குச் சரக்கு வேண்டுமென்றால் பாதை எங்களிடம் வரவேண்டும், அண்ணன்.

வாவிக்கரை:
நெல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, தம்பி. அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் பாதை நீண்டால் கொழும்புக்குப் போகும் வழியில், ஹபரணைப் பக்கக் கல்லோயாக் காட்டுக்குள் இன்னும் கோச்சிகள் ஓடும். 2025 பெப்ரவரியில் ஒரே மோதலில் 6 யானைகள் செத்தன. அதற்கு வழி சொல்லுங்கள், நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன்.