தெரியாவிட்டால் ‘நோ’ போடு என்பது யோசனையா, தட்டிக்கழிப்பா? (2023 ஆஸ்திரேலிய வாக்கெடுப்புக்கு முன் நடந்த இணைய உரையாடல்)

பென்டில்ஹில்காரன்: வருகிற சனிக்கிழமை, 2023 அக்டோபர் 14, வாய்ஸ் வாக்கெடுப்பு. பழங்குடியினருக்கும் டொரெஸ் நீரிணைத் தீவினருக்கும் ‘வாய்ஸ்’ என்ற ஓர் ஆலோசனைச் சபையை ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்பது கேள்வி. இரு தரப்பு வாதங்களோடும் தபாலில் வந்த கையேட்டை இரண்டு தரம் படித்துவிட்டேன், முடிவுக்கு வர முடியவில்லை. போகாமல் இருந்தால் 20 டாலர் தண்டப்பணம். நீங்கள் எல்லாம் எப்படி முடிவெடுத்தீர்கள்?

சுருட்டுத்தாத்தா: தம்பி, தெரியாவிட்டால் நோ போடுங்கள். புரியாத காணி உறுதியில் கையெழுத்து வைப்பீர்களா? சபையில் எத்தனை பேர், எப்படித் தெரிவு செய்வது, ஒன்றும் அதில் இல்லை. ஏற்றிவிட்டால் இறக்க இன்னொரு வாக்கெடுப்பு வேண்டும். அரசியலமைப்பை மாற்ற இதுவரை மக்களிடம் வைத்த 44 கேள்விகளில் 8தான் தேறின. 1977க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

கறிவேப்பிலை: அண்ணை, அந்த விவரத்தைப் பாராளுமன்றம் சட்டமாகப் போடும் என்று திருத்தத்திலேயே இருக்கிறது. அரசியலமைப்பு எழுதுவது அப்படித்தான். ஹைகோர்ட்டுக்குத் தலைமை நீதிபதியைத் தவிர எத்தனை நீதிபதிகள் என்பதையும் ‘இரண்டுக்குக் குறையாமல்’ என்று சொல்லிப் பாராளுமன்றத்திடம்தான் விட்டார்கள். நோ தரப்பின் ‘தெரியாவிட்டால் நோ’ கோஷம், ஆஸ்திரேலியாவைக் குடியரசாக்கலாமா என்ற 1999 வாக்கெடுப்பிலும் ஓடிய பழைய சரக்கு. தெரியாதவனைத் தேடிப் படிக்கச் சொல்லாமல் தெரியாமலே இரு என்கிறது.

சுருட்டுத்தாத்தா: தேடிப் படித்தால் மட்டும் தெளிந்துவிடுமா? நோ பிரசாரத்தை முன்னின்று நடத்தும் செனட்டர் ஜசிந்தா பிரைஸும் வாரன் மண்டினும் பழங்குடியினர்தான், நோ என்கிறார்கள். பழங்குடிச் செனட்டர் லிடியா தோர்ப்பும் நோ, ஆனால் அவர் கேட்பது அரசுக்கும் பழங்குடியினருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். அவர்களுக்குள்ளேயே மூன்று கருத்து இருக்கும்போது நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?

கறிவேப்பிலை: நாங்கள் தமிழர் எல்லோரும் ஒரே கட்சிக்கா வாக்குப் போட்டோம்? பழங்குடியினருக்கு முன்பு இருந்த சபைக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1990இல் சட்டத்தால் வந்த அந்த அட்சிக் (ATSIC) சபை, 2005இல் சட்டத்தாலேயே போனது. ஆட்சி மாறினால் கலைக்க முடியாத ஒன்றைத்தான் இப்போது கேட்கிறார்கள். அதுவும் அரசுக்குக் கருத்துச் சொல்ல மட்டும். ஏற்காமல் விடவும் அரசுக்கு உரிமை உண்டு.

சுருட்டுத்தாத்தா: இலங்கையில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த எங்கள் 29ஆம் பிரிவும் அரசியலமைப்பில்தானே இருந்தது! 1972இல் என்ன ஆனது?

கறிவேப்பிலை: அதை நீக்கியது கொழும்பில் கூடிய அரசியல் நிர்ணய சபை. அதற்கென்று மக்களிடம் வாக்கெடுப்பு வைக்கவே இல்லை. இங்கே ஆஸ்திரேலியாவில் அரசியலமைப்பை மாற்ற நாடு முழுவதிலும் பெரும்பான்மை, அதோடு 6 மாநிலங்களில் 4இலும் பெரும்பான்மை வேண்டும். நீங்கள் எதைப் பார்த்துப் பயப்படுகிறீர்களோ அதற்காகத்தான் நான் யெஸ் போடுகிறேன்.

பென்டில்ஹில்காரன்: 29ஆம் பிரிவு வரும் என்று நினைக்கவில்லை. அப்பா அதைப் பற்றி அடிக்கடி சொல்வார். சரி, வெறும் சீட்டைப் போட்டுவிட்டு வந்தால்?

சுருட்டுத்தாத்தா: செல்லாத வாக்கு. அதற்கு மெனக்கெட்டு வரிசையில் நிற்க வேண்டுமா?

கறிவேப்பிலை: இதில் மட்டும் அண்ணையோடு ஒத்துப்போகிறேன். எதுவானாலும் யெஸ் அல்லது நோ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். சரி அடையாளம் போட்டால் யெஸ் என்று எடுப்பார்கள், பெருக்கல் குறி போட்டால் எண்ணமாட்டார்கள்.

சுருட்டுத்தாத்தா: பார்த்தீர்களா, அதிலேயே ஓரவஞ்சனை.

பென்டில்ஹில்காரன்: ஐயா, அதற்குத் தனி இழை திறவுங்கள். நான் கையேட்டை மூன்றாம் தரம் எடுக்கிறேன்.