மறு: ‘எதிர்மறை வலுவூட்டல்’ – மாற்றுச் சொல் தேவையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘எதிர்மறை வலுவூட்டல் (உளவியலில் negative reinforcement) ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டது, அதில் கைவைக்க வேண்டாம்’ என்று இந்த இழையில் ஒரு மடல் வந்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது திட்டும் அடியும்தான். கருத்தோ அதற்கு நேர்மாறானது.

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் கூண்டையே எடுத்துக்கொள்வோம். தரைக் கம்பிகளில் மின்சாரம் பாய்கிறது. எலி துள்ளுகிறது, தற்செயலாக நெம்புகோலில் கால் படுகிறது, மின்சாரம் நின்றுவிடுகிறது. அடுத்தடுத்த முறை எலி நெம்புகோலை இன்னும் விரைவாக அழுத்துகிறது. ஒரு நடத்தை பெருகினால் அது வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. இங்கே நடத்தை பெருகியிருக்கிறது. பெருக்கியது, துன்பம் ஒன்று விலகியது. அவ்வளவுதான். இதில் ‘எதிர்மறை’ என்பது வெறும் கழித்தல் குறி.

நம் இலக்கணத்தில் எதிர்மறைக்கு நன்மை தீமை கிடையாது. ‘செய்யாத’ என்பது எதிர்மறைப் பெயரெச்சம், அதற்காக யாரும் அதைக் கெட்ட பெயரெச்சம் என்பதில்லை. ஆனால் ‘எதிர்மறை எண்ணங்கள்’ என்று வார இதழ்கள் எழுதி எழுதிச் சொல்லின் நிறமே மாறிவிட்டது. ஆங்கிலத்திலும் இதே தொல்லை உண்டு. 1938-இல் ஸ்கின்னரே இந்தச் சொல்லைத் தண்டனை என்ற பொருளில்தான் ஆண்டார். 1953-இல் வந்த நூலில்தான் இன்றைய பொருள். 1975-இல் ஜாக் மைக்கேல் என்ற நடத்தையியலாளர், வலுவூட்டலில் இந்த நேர்–எதிர் (ஒன்றைச் சேர்ப்பது–நீக்குவது) பாகுபாடே வேண்டாம் என்று கட்டுரை எழுதினார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இது ஏட்டுச் சண்டை அன்று. லிஃப்டுக்கு அஞ்சுபவர் ஒருவர் அதன் கதவருகே நிற்கிறார். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. படிக்கட்டுப் பக்கம் திரும்பிய கணமே படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் அவரைப் படிக்கட்டுக்கு அனுப்புகிறது. அச்சமும் அப்படியே தங்கிவிடுகிறது. தவிர்த்தல் நீடிப்பதற்கு 1947-இல் உளவியலாளர் மௌரர் தந்த விளக்கம் இதுதான். அஞ்சும் சூழலிலேயே படிப்படியாக நிற்கப் பழக்கும் சிகிச்சை, இந்தச் சுழலை அறுக்கப் பார்க்கிறது. இதை ஒருவரிடம் ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்று விளக்கினால், தம்மை யாரோ கண்டிப்பதாகவே எண்ணுவார்.

இனி வந்திருக்கும் பரிந்துரைகள். ‘விடுபாட்டு வலுவூட்டல்’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் இதன் இணைச் சொல்லையும் பார்க்க வேண்டும். பிள்ளை அடம்பிடிக்கிறது, கைப்பேசியைப் பிடுங்கி வைக்கிறோம், அடம் குறைகிறது. இங்கே விரும்பிய ஒன்றை நீக்கியதால் நடத்தை குறைந்திருக்கிறது. இதை ‘விடுபாட்டுத் தண்டனை’ என்றால் தண்டனையிலிருந்து தப்பியதாகப் பொருள்படும்.

‘நீக்க வலுவூட்டல்’ சிறியது, நல்லது. அதை வலுவூட்டலையே நீக்குவது என்று படித்துவிடுவார்களோ என்ற அச்சம் மட்டும் இருக்கிறது. அது வேறு கருத்து: நெம்புகோலை அழுத்தியதும் வந்துகொண்டிருந்த உணவு நின்றால் நெம்புகோல் அழுத்துவதும் மெல்ல ஓய்ந்துவிடுமே, அது.

எனவே ‘வழி’ என்ற ஒட்டைச் சேர்த்துக்கொள்வோம். நீக்கல்வழி வலுவூட்டல், சேர்த்தல்வழி வலுவூட்டல்; நீக்கல்வழித் தண்டனை, சேர்த்தல்வழித் தண்டனை. சற்று நீளம்தான். ஆனால் நான்கிலும் முதற்சொல் என்ன செய்தோம் என்பதையும், இரண்டாம் சொல் நடத்தைக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறது.

மாற்று வைத்திருப்பவர்கள் நான்கு இடத்திலும் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ‘தண்டனை’ என்ற சொல்லிலும் எனக்குக் குறையுண்டு. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.