பெரிய கம்பெனிகள் பழைய சாஃப்ட்வேரை மாற்ற ஏன் இவ்வளவு தயங்குகின்றன?

கடலூர்_ஸ்டோர்ஸ்:
கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இருப்புக் கணக்கு முழுவதும் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் ஓடுகிறது. அதற்கென்றே ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. பணம் இல்லாமலில்லை, போன வருடம்தான் புது பாய்லர் வாங்கினார்கள். இதை மட்டும் ஏன் தொட மாட்டேன் என்கிறார்கள்?

முத்தியால்பேட்டை:
தம்பி, நான் புதுச்சேரியில் ஒரு ஆலையின் இ.டி.பி. (கம்ப்யூட்டர்) பிரிவில் 26 வருடம் இருந்தவன். பணம் இரண்டாவது காரணம்தான். அந்தப் புரோகிராம் என்னென்ன செய்கிறது என்று முழுதாகத் தெரிந்தவர் ஒருவரும் மிச்சமில்லை, அதுதான் பயம்.

எங்கள் சம்பளப் புரோகிராமை 2009-ல் மாற்றினோம். விதிகளைக் கேட்டு எழுதி மூன்று தடவை சரிபார்த்தோம். முதல் மாதமே இரவு ஷிஃப்ட்காரர்களுக்குச் சம்பளம் குறைந்தது. நள்ளிரவு தாண்டிய ஓவர்டைம் அரை மணி ஆனாலும் ஒரு மணியாகப் போட வேண்டும் என்று எப்போதோ சங்கத்தோடு பேசி முடித்திருக்கிறார்கள். அது எந்த ஃபைலிலும் இல்லை. பழைய புரோகிராமில் நான்கு வரியாக மட்டும் இருந்தது, எழுதியவரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. கேட் வாசலில் நின்றவர்களின் முகம் இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் எந்த மேனேஜரும் மாற்றுவதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நெல்லித்தோப்பு_வங்கி:
பிரிட்டனில் டிஎஸ்பி (TSB) வங்கி 2018 ஏப்ரலில் எல்லாக் கணக்குகளையும் ஒரே மூச்சில் புது சிஸ்டத்துக்குக் கொண்டுபோனது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022-ல் 4.865 கோடி பவுண்டு அபராதம் வேறு.

கடலூர்_ஸ்டோர்ஸ்:
சரி சார், அப்படியே விட்டாலும் ஆபத்துதானே? 2017-ல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை வைரஸ் பரவியபோது எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாகப் பேட்ச் (ஓட்டை அடைக்கும் திருத்தம்) கொடுக்க வேண்டியிருந்தது.

முத்தியால்பேட்டை:
ஆபத்துதான். முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். புது சாஃப்ட்வேர் வந்தால் மூன்று மாதமாவது இரண்டிலும் பதிய வேண்டும், வேலை இரட்டிப்பு என்றாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாங்கள் செய்யாமல் விட்டது அதைத்தான். அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள்: சால்வென்ட் (கரைப்பான்) ஆவியாகிக் குறையும் அளவை உங்கள் புரோகிராம் தானாகவே இருப்பிலிருந்து கழிக்கிறதா?

கடலூர்_ஸ்டோர்ஸ்:
பார்த்தேன் சார். டொலுயீன் என்ற சால்வென்ட்டின் இருப்பில் மாதக் கடைசியில் ஒரு அளவு தானாகக் குறைகிறது. யார் வைத்த கணக்கு என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய ஸ்டோர்கீப்பர் செம்மண்டலத்தில் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு போகிறேன்.