புதுப்பிப்பு: 27 அங்குல கேமிங் மானிட்டர் வாங்கியாச்சு, படம் கிழிவதும் நின்றது

ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடாப்டிவ் சிங்க் (கார்டு தரும் ஃப்ரேம் வேகத்துக்கேற்ப திரையும் தன் வேகத்தை மாற்றி, படம் கிழிந்ததுபோல் தெரிவதைத் தடுக்கும் வசதி) உள்ள மானிட்டர் எது, திரை வகையில் விஏ பேனலா ஐபிஎஸ்ஸா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

1440பி (2560×1440 புள்ளிகள்), 180 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 180 முறை படம் மாறும்) ஐபிஎஸ் எடுத்தேன். "விஏவில் கறுப்பு அருமையாக இருக்கும், ஆனால் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கும்போது இருட்டுக் காட்சி மினுக்கும்" என்று ஒருவர் எழுதியதுதான் முடிவு செய்ய வைத்தது. நண்பன் வீட்டு விஏ திரையில் ஒரு குகைக் காட்சியை ஓடவிட்டோம்; சுவரெல்லாம் பழைய ட்யூப்லைட் மாதிரி துடித்தது. எல்லா விஏவும் அப்படி என்று சொல்லவில்லை.

என்விடியாவின் அடாப்டிவ் சிங்கான ஜி-சிங்க் சிப்புக்குத் தனிக் காசு தேவைப்படவில்லை. 2019 முதல் என்விடியா டிரைவரே ஃப்ரீசிங்க் (ஏஎம்டியின் அடாப்டிவ் சிங்க்) மானிட்டர்களோடு ஒத்துப்போகிறது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்து, கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்கை டிக் செய்தால் போதும். விண்டோஸ் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றது, செட்டிங்ஸில் 180க்கு மாற்றினேன். ஃப்ரேமை நொடிக்கு 170இல் கட்டிப்போடு என்று இங்கே வந்த யோசனையும் சரி. 180ஐத் தாண்டினால் அடாப்டிவ் சிங்க் வேலை செய்யாது.

எதிர்பாராதவை இரண்டு. ஓவர்டிரைவை (திரைப் புள்ளிகள் நிறம் மாறுவதை வேகப்படுத்தும் மானிட்டர் செட்டிங்) உச்சத்தில் வைத்தால் நகரும் உருவத்தின் பின்னால் வெளிறிய நிழல் வருகிறது. நடு அளவே நல்லது. அப்புறம், தம்பியின் பிஎஸ்5 கேம் கன்சோல் இதில் 120 ஹெர்ட்ஸ் தருகிறது, ஆனால் விஆர்ஆர் (கன்சோலில் அடாப்டிவ் சிங்க் போன்ற வசதி) இல்லை. அதற்கு எச்டிஎம்ஐ 2.1 வேண்டும், இதில் இருப்பது 2.0. கன்சோலும் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் இதைப் பாருங்கள்.