மறு: ‘அபட்’ — மடாதிபதியா, மடத்துத் தந்தையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கிறிஸ்தவத் துறவு மடத்தின் தலைவரைக் குறிக்கும் ‘அபட்’ (abbot) என்பதற்குத் தமிழில் ‘மடாதிபதி’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று இங்கே ஐயா ஒருவர் நேற்று கேட்டிருந்தார். நான் புனித ஓடிலோவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. காரணம் இந்தச் சொல்தான்.

ஓடிலோ பிரான்சிலுள்ள குளூனி மடத்தின் ஐந்தாவது அபட். 994 முதல் 1049இல் இறக்கும்வரை, ஏறக்குறைய 55 ஆண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார். நவம்பர் 2 அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறோமே, அந்த நாளை இறந்தோர் அனைவருக்கும் உரியதாக முதலில் தம் மடங்களில் ஏற்படுத்தியவர் இவர்தான்.

சரி, ‘மடாதிபதி’க்கு வருவோம். அதிபதி என்றால் ஆள்பவர். அபட் என்ற சொல்லோ ‘அப்பா’ என்ற அரமேயச் சொல்லிலிருந்து வந்தது. பொருளும் அப்பாதான். (ஒலி ஒத்துப்போவது தற்செயல், அதைப் பிடித்துக்கொண்டு வேர் தேட வேண்டாம்.) குளூனி பின்பற்றிய துறவு ஒழுங்கை எழுதிய புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) அதன் இரண்டாம் அதிகாரத்தில், இந்தப் பெயரைத் தாங்குகிறவர் அதற்குத் தக்கபடி நடக்க வேண்டும் என்கிறார். பெயரிலேயே கடமை இருக்கிறது. மொழிபெயர்ப்பில் அதைத் தொலைத்துவிடக் கூடாது.

ஓடிலோவின் சீடர் யோட்சால்ட் எழுதிய வரலாற்றில் ஓரிடம். பஞ்சக் காலம். வழியில் இரண்டு சிறுவர்கள் ஆடையின்றிச் செத்துக் கிடக்கிறார்கள். ஓடிலோ குதிரையிலிருந்து இறங்கி, தாம் உடுத்தியிருந்த கம்பளி ஆடையைக் கழற்றி அவர்கள்மேல் சுற்றி, ஆள் வைத்துப் புதைக்கிறார். அந்தப் பஞ்சத்தில் கோயில் பாத்திரங்களையும் விற்று ஏழைகளுக்குச் சோறு போட்டவர் அவர். “மடாதிபதி குதிரையிலிருந்து இறங்கினார்” என்று எழுதிப் பார்த்தேன். என் மனத்தில் பரிவாரமும் பல்லக்கும்தான் வந்து நின்றன.

நம் திருவழிபாட்டு நாள்காட்டியில் அபட்டுக்கு உள்ள ‘ஆதீனத் தலைவர்’ பழகிய சொல், மதிக்கிறேன். ஆனால் ஆதீனம் என்றால் குருவழி மரபு. இருப்பவர் அடுத்தவரைத் தேர்ந்து உபதேசம் கொடுத்து அமர்த்துவார். ஆசீர்வாதப்பர் ஒழுங்கிலோ துறவிகள் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். குளூனியில் இரண்டும் நடந்திருக்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஓடிலோவை முந்தைய அபட் மையோலுதான் தமக்குப் பின் என்று குறித்தார், துறவிகள் இசைந்தார்கள். ஆனால் ஓடிலோ யாரையும் குறித்துவிட்டுப் போகவில்லை. முடிவைத் துறவிகளிடமே விட்டார், அவர்கள் ஹியூகோவைத் தேர்ந்தார்கள். ‘ஆதீனம்’ என்று போட்டால் இந்த வேறுபாடே மறைந்துவிடும்.

ஆகவே நான் முதலில் முன்வைத்தது ‘மடத்தந்தை’. அதற்கு இங்கே அம்மா ஒருவர் எழுப்பிய தடை நியாயமானது: வேகமாகச் சொன்னால் ‘மடத்தனம்’ காதில் விழுகிறது. சொல்லிப் பார்த்தேன், ஆமாம், விழுகிறது. ‘துறவகத் தந்தை’ நீளம், வாயில் நிற்கவில்லை. அத்துச் சாரியையை முழுதாக வைத்து ‘மடத்துத் தந்தை’ என்றால் அந்த நெருடல் போய்விடுகிறது. ஊர்ப்பேச்சிலும் ‘மடத்துச் சாமி’, ‘மடத்துச் சோறு’ என்றுதானே சொல்கிறோம். பெண் மடங்களுக்கு ‘மடத்துத் தாய்’ தானாக அமைகிறது.

குருக்கள் எல்லாரையும் ‘அருட்தந்தை’ என்கிறோம், குழம்பாதா என்றால், ‘மடத்து’ என்ற அடை இருக்கும்வரை குழம்பாது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல் ‘பிரையர்’ (prior), அபட்டுக்கு அடுத்த நிலைப் பொறுப்பாளர். குளூனியின் கிளை மடங்கள் பெரும்பாலானவற்றில் அபட் கிடையாது, பிரையர்தான். அவர்கள் குளூனி அபட்டுக்குக் கீழ்ப்பட்டவர்கள். ஓடிலோ இறந்து அடக்கமான சூவிஞி அப்படியொரு கிளை மடம். இரண்டு பதவிக்கும் ‘தலைவர்’ என்றே போட்டால் அந்த அமைப்பே புரியாது. ‘மடமுதல்வர்’ என்று வைத்திருக்கிறேன். ‘முதல்வர்’ என்றதும் கோட்டை நினைவுக்கு வருகிறது என்பதால் முழு நிறைவில்லை. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால், குறிப்பில் சூவிஞி பற்றி வரும் பகுதியில் அதையே போட்டுவிடுவேன்.