புகைபிடிக்காத அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய்: மரபணுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி (தேனி வாசகர்):
என் அம்மாவுக்கு வயது 61. பீடி, சிகரெட் மட்டுமல்ல, வெற்றிலையோடு புகையிலை சேர்க்கும் பழக்கமும் அவருக்கு இருந்ததில்லை. விடாத இருமலுக்கு, சளியில் கிருமி தென்படாதபோதும், எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலை மட்டும் வைத்துக் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து எடுத்த பயாப்சியில் நான்காம் நிலை அடினோகார்சினோமா (சுரப்புச் செல்களில் தோன்றும் புற்றுநோய் வகை) என்று வந்திருக்கிறது. மரபணுப் பரிசோதனை முடிவு வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை பொறுக்கலாமா, கீமோவை உடனே தொடங்கச் சொல்லலாமா? காலமெல்லாம் விறகடுப்பு ஊதியதால்தான் வந்தது என்று அம்மா தன்னையே நொந்துகொள்கிறார்.

பதில் (புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றுபவர்):
மூச்சுத்திணறல் போன்ற அவசரம் இல்லாவிட்டால் பொறுப்பதே நல்லது; முடிவு உங்கள் மருத்துவருடையது. புகைபிடிக்காத ஆசியர்களுக்கு வரும் அடினோகார்சினோமாவில் ஏறத்தாழ பாதிப் பேரிடம், செல் வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. அது இருந்தால் அதற்கென்றே உள்ள மாத்திரை கீமோவைவிட நோயை நீண்ட காலம் கட்டுக்குள் வைக்கும். ஆனால் ஊகத்தில் மாத்திரையைத் தொடங்கிவிடக் கூடாது. கிழக்காசியாவில் நடந்து 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வில், மாற்றம் இல்லாதவர்களுக்கு, அத்தகைய மாத்திரையான ஜெஃபிட்டினிப்பைவிடக் கீமோவே பலன் தந்தது. தனி மாத்திரை உள்ள இன்னொரு மரபணுவான ஏ.எல்.கே.யின் மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். திசு போதவில்லை என்றால் ரத்தத்திலும் இ.ஜி.எஃப்.ஆர். பார்க்க முடியும், ஆனால் அதில் ‘இல்லை’ என்று வந்தால் அதையே முடிவாகக் கொள்ள முடியாது.

பதில் (பொதுநல வாசகர்):
அம்மாவின் வருத்தத்திற்கு ஒரு சொல். சீனாவின் யுன்னான் மாகாணத்துச் சுவான்வேயில், புகைபிடிக்காத பெண்களிடையே இந்நோய் மிகுந்திருந்ததற்கு, புகைபோக்கி இல்லாத அடுப்பில் எரித்த நிலக்கரியே முக்கியக் காரணம் எனக் கண்டறிந்தார்கள். புகைபோக்கி வைத்த வீடுகளில் நோய் குறைந்தது. விறகுப் புகையோ, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலில், நிலக்கரிப் புகைக்கு அடுத்ததாக, ‘புற்றுநோயை உண்டாக்கப் பெரிதும் வாய்ப்புள்ளது’ என்ற படியில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பிறர் விடும் புகை, காற்று மாசு, மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடான் ஆகியவையும் காரணங்களே. ஒருவரிடம் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல இயலாது. வீட்டாருக்குச் சமைத்துப் போட்டவரைக் குற்றவாளியாக்குவது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல.

பதில் (திருச்சியிலிருந்து):
என் மனைவிக்கும் காசநோய் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. இப்போது தினமும் ஒரு இ.ஜி.எஃப்.ஆர். மாத்திரை. முகத்தில் பருக்களும் நகக்கண் வீக்கமும் வந்தன, வயிற்றுப்போக்கும் உண்டு. இவற்றுக்குப் பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்தும் தருவார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஏ.எல்.கே. பற்றி நாளையே கேட்கிறேன். அம்மாவிடம் சுவான்வே செய்தியைச் சொன்னேன். “அப்போ நம்ம வீட்டு அடுப்புக்கும் ஒரு புகைபோக்கி வெச்சிருக்கலாமே” என்றார்.