கறுப்பு நாயின் ஓவியத்துக்குப் படம் எடுப்பதில் உதவி தேவை

மானிப்பாய் வாசகி:

வணக்கம். எங்கள் ரைகருக்கு இப்போது 12 வயது. கறுப்பு ஊர்நாய்; புருவங்களுக்கு மேல் இரண்டு மண்ணிறப் பொட்டுகள், நிமிர்ந்த வலக்காது, மடிந்த இடக்காது. கனடாவிலுள்ள தங்கை அதன் முகத்தை வண்ணப் பென்சிலால் வரைவித்து அப்பாவின் பிறந்தநாளுக்குக் கொடுக்க விரும்புகிறாள். ஆனால் நான் வட்ஸ்அப்பில் அனுப்பிய 14 படங்களில் ஒன்றுகூட உதவாது என்று ஓவியர் சொல்லிவிட்டார். மத்தியான வெயிலில், வெள்ளை மதிலுக்கு முன் எடுத்தவற்றில் நாய் கரிக்கட்டி போலத் தெரிகிறது. இரவில் பிளாஷ் போட்டு எடுத்தவற்றில் கண்கள் பச்சையாக ஒளிர்கின்றன. கிட்டப்போய் எடுத்தவற்றில் மூக்குத்தான் முகம் முழுவதும். என்னிடம் இருப்பது கைத்தொலைபேசி மட்டுமே. நான் என்ன செய்ய வேண்டும்?

கோப்பாய் ஓவியர்:

உங்கள் தொலைபேசியே போதும். நாயின் மூக்கிலிருந்து காதுவரை ஏறத்தாழ அரை அடி இருக்கும். நீங்கள் மூக்கிலிருந்து ஒரு அடி தூரத்தில் நின்றால், காதுடன் ஒப்பிடும்போது மூக்கு ஒன்றரை மடங்கு பெரிதாக விழும். ஆறு அடி தள்ளி நின்று 2 மடங்கு உருப்பெருக்கத்தில் எடுத்தால் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். நின்றபடி குனிந்து எடுக்காமல் தரையில் அமர்ந்து, தொலைபேசியை நாயின் கண்மட்டத்தில் பிடியுங்கள்.

நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால்தான் பிளாஷில் கண்கள் ஒளிர்கின்றன; பிளாஷை முற்றாக அணைத்துவிடுங்கள். நண்பகல் வெயிலும் வேண்டாம். சித்திரையிலும் ஆவணியிலும் யாழ்ப்பாணத்தில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வருவதால் கண்குழிகள் இருண்டுவிடும். காலை ஏழு மணியளவில் விறாந்தையின் விளிம்பில், நிழலுக்குள், முகம் திறந்த வானத்தைப் பார்க்குமாறு இருத்துங்கள். அப்போது கண்மணியில் வானம் ஒரு சிறு வெண்புள்ளியாக விழும். அந்தப் புள்ளி இல்லாத படத்திலிருந்து உயிருள்ள கண்ணை வரைவது மிகக் கடினம் என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

கரிக்கட்டியானதற்குக் காரணம் வெள்ளை மதில். அதன் பிரகாசத்துக்கு ஏற்பத் தொலைபேசி ஒளியைக் குறைத்துவிட்டது. பின்னால் கிடுகு வேலியோ செடியோ இருக்கட்டும். திரையில் நாயின் முகத்தைத் தொட்டு, முடி இழை இழையாகத் தெரியும்வரை ஒளியைச் சற்றுக் கூட்டுங்கள்; கறுப்பு சாம்பலாகத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். சிவப்புச் சீமெந்துத் தரையாக இருந்தால் ஒரு சாக்கை விரியுங்கள், இல்லையேல் அந்தச் சிவப்பு நெஞ்சுமுடியில் ஏறிவிடும்.

யாழ் நகர் ஸ்ரூடியோக்காரர்:

மேலே சொன்னவற்றுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, மீசைமுடிகள் மங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் முறையையும் தவிருங்கள், அது காதோர முடியைத் தின்றுவிடும்.

மானிப்பாய் வாசகி:

மிக்க நன்றி. இன்று காலை அப்பாவை என் பின்னால் நிறுத்திப் படலையின் கொளுக்கியைத் தட்டச் சொன்னேன். யாரோ வருகிறார்கள் என்று ரைகர் வலக்காதை விறைத்துக்கொண்டு நேராகப் பார்த்தது. அந்த ஒரு கணத்தில் ஒன்பது படங்கள் கிடைத்தன. நாடியிலுள்ள நரை ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ஆனால் கண்மணிகளில் இலேசான நீலப் புகை போலத் தெரிகிறது. இது படத்தின் பிழையா?

கோப்பாய் ஓவியர்:

படத்தின் பிழையாக இருக்காது. வயதான நாய்களின் கண்வில்லை இறுகும்போது அப்படி நீலம் பாய்வது இயல்பு. எனினும் வெண்புரையும் வெளிப்பார்வைக்கு அதைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், மிருக வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஓவியத்தைப் பொறுத்தவரை, அந்த நீலமும் நரையும் அப்படியே வேண்டுமா, இளமையில் இருந்தது போல வேண்டுமா என்பதை ஓவியருக்கு இப்போதே எழுதுங்கள். சொல்லாவிட்டால் பலர் அதைக் குறை என்று எண்ணித் திருத்திவிடுவார்கள். இடக்காதின் மடிப்பைப் பக்கவாட்டிலிருந்தும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

மானிப்பாய் வாசகி:

நரையோடுதான் வேண்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார். பிறந்தநாள்வரை அவரிடம் மறைக்க நினைத்தோம். படலையைத் தட்டவைத்தபோதே அவருக்கு விளங்கிவிட்டது. காதின் படத்தை நாளை காலை எடுத்து, எல்லாவற்றையும் ஆவணமாக அனுப்புகிறேன்.